சேலத்து வெயிலையும் ஏற்காட்டு மழையையும் கொண்டு நவீனக் கட்டடக்கலை வரலாற்றைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் போன்ற பகுதிகளின் உள்தெருக்களில் மாலை வேளையில் நடந்தால், சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளுக்கும் எண்பதுகளுக்கும் இடையில் எழுந்த வீடுகள் சில இன்றும் கண்ணில் படும். தட்டையான காங்கிரீட் தளம், சன்னல்களின் தலைமேல் சுவர் நெடுக ஓடும் மெல்லிய சன்ஷேட், மாடிப்படி ஏறும் இடத்தில் மட்டும் சிமெண்ட் ஜாலி எனப்படும் துளைக்கற்களை அடுக்கிய சுவர், முனை வளைந்த பால்கனி ஆகியவை அவற்றின் அடையாளங்கள். பெரும்பாலோர் இவற்றைப் ‘பழைய வீடு’ என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறோம். கோயிலையும் கோட்டையையும் வரலாறு என்று மதிக்கப் பழகிய நமக்கு, ஐம்பது வயதுக் காங்கிரீட் வீடும் ஓர் உலக இயக்கத்தின் கடைசிக் கிளை என்பது எளிதில் தோன்றுவதில்லை.

கட்டடக்கலையை முறையாகப் படித்திராத, ஆனால் தம் ஊரின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். வெப்ப நாடுகளில் நவீனக் கட்டடக்கலை எப்படி வேர்விட்டது என்பதைப் பட்டியல்களையும் பெயர்களையும் மனப்பாடம் செய்து கற்பதைவிட, வெயிலுக்கும் மழைக்கும் ஒவ்வொரு கட்டடமும் என்ன பதில் சொல்கிறது என்று கேட்டுக் கற்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் அனல் வீசும் ஊரும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் படியும் ஏற்காடும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருப்பதால், ஒரே கட்டட முறை இரண்டு வானிலைகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

முதல் படி: மொட்டை மாடியில் ஒரு குச்சி

கட்டடங்களைப் பார்க்கப் போவதற்கு முன்பு வெயிலை அளந்துகொள்ள வேண்டும். ஓர் அடி நீளமுள்ள நேரான குச்சியை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்தி, காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒவ்வொரு மணிக்கும் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துவர வேண்டும். சேலத்தில் நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தின் 12 மணி அன்று. ஆண்டின் பெரும்பகுதியில் அது 12:15 மணியை ஒட்டியே அமையும். நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதே இதற்குக் காரணம். அந்தக் குறுநிழல் கிடக்கும் கோடுதான் உண்மையான வடக்கு தெற்கு. இதே சோதனையை டிசம்பர் மூன்றாம் வாரத்தில் செய்தால் உச்சி வேளையில் குச்சியின் நிழல் எட்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, வடக்கு நோக்கி விழும். ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நாட்களிலும் உச்சி வேளையில் நிழலே இருக்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், வெயிலே படாது என்று நாம் நம்பும் வடக்குச் சுவரிலும் அது படும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை அறியாமல்தான் கட்டடங்களைப் பார்க்கப் போகிறார்கள்.

இந்த அளவுகள் கையில் வந்ததும் சன்ஷேடைப் புரிந்துகொள்ளலாம். தெற்குச் சுவரில் இரண்டடி நீட்டிய சன்ஷேட், டிசம்பரின் உச்சி வேளையில்கூட ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரத்துக்கு நிழல் தரும். கோடையை நெருங்க நெருங்க அதன் நிழல் சன்னலை முழுவதுமாக மூடிவிடும். அதே இரண்டடி சன்ஷேடை மேற்குச் சுவரில் வைத்தால் கதை வேறு. ஏப்ரலில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் தரைக்கு மேல் சுமார் 35 பாகை உயரத்தில் மட்டுமே இருப்பதால், நிழல் ஒன்றரை அடிகூட இறங்காது. மீதிச் சன்னல் முழுவதும் வெயிலுக்குத் திறந்து கிடக்கும். ஆகவே மேற்கே பார்த்த சுவருக்குக் கிடைமட்டப் பலகையால் பயன் குறைவு. செங்குத்தாக நிற்கும் தடுப்புகளோ, ஜாலியோ, மரமோ வேண்டும். இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், ஒரு கட்டடத்தை வரைந்தவர் வெயிலை அறிந்து வரைந்தாரா, படத்தில் பார்த்த வடிவத்தை அப்படியே ஒட்டினாரா என்பதைத் தெருவில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

இரண்டாம் படி: தலைக்கு மேல் இருப்பதைக் கேட்டறிதல்

ஒரு வீட்டின் காலத்தை அறிய முகப்பைவிடக் கூரை நம்பகமானது. செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளின் வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையைத் தேடிப் பார்க்கலாம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில், விளிம்பு கீழே படும்படி நெருக்கமாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைத் தட்டிப் படியவைத்து, இறுதியில் தட்டோடு பதிக்கும் முறை அது. தடித்த கூரை என்பதால் வெப்பம் மெதுவாக இறங்கும். உத்தரம் தாங்கும் நீளம் குறைவு என்பதால் அறைகள் ஒடுங்கியிருக்கும்.

கம்பி கட்டிய காங்கிரீட் வந்ததும் இந்த இரண்டும் மாறின. நான்கைந்து அங்குலத் தளம் பெரிய அறைகளையும் மூலைச் சன்னல்களையும், சுவரைத் தாண்டி நீளும் பால்கனியையும் தந்தது. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்த மெல்லிய தளம் மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் இறக்கியது. நம் கொத்தனார்கள் இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டார்கள்: புதிய காங்கிரீட் தளத்தின் மேல் பழைய மெட்ராஸ் டெரஸின் மேலடுக்கை, அதாவது செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையும், அப்படியே வைத்தார்கள். ‘வெதரிங் கோர்ஸ்’ என்று இன்றும் கட்டட ஒப்பந்தங்களில் எழுதப்படும் அந்த அடுக்கு, இரண்டு காலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடப்பதற்குச் சான்று. எந்த வரைபடத்திலும் பாராட்டப்படாத இந்த இணைப்பை நான் நம் ஊர்க் கட்டடக்கலையின் மிக அறிவார்ந்த செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

கூரையைப் பற்றிக் கேட்கும்போது சிமெண்டைப் பற்றியும் கேட்க வேண்டும். 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு 1989இல் முழுமையாக நீக்கப்படும் வரை, சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை இருந்தபோதும், வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்காகக் காத்திருந்தார். எழுபதுகளின் வீடுகளில் சன்ஷேட் அவ்வளவு மெல்லியதாகவும், கைப்பிடிச் சுவரின் பாதி துளைக்கற்களாகவும் இருப்பதற்கு ரசனையோடு இந்தச் சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அறுபது எழுபது வயதைக் கடந்த மேஸ்திரி ஒருவரிடம் பெர்மிட் காலத்தைப் பற்றிக் கேட்டால், ஒரு மாலை முழுவதும் பேசுவார்.

மூன்றாம் படி: தெருவில் நடப்பது

ஒரு நாளில் ஒரு தெரு போதும். ஒரு திசைகாட்டி, ஒரு நோட்டு, ஒரு பென்சில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் முகப்பு எந்தத் திசை, மேற்குச் சுவரில் என்ன இருக்கிறது, காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியேறும் என்ற மூன்றையும் எழுதிவர வேண்டும். பல வீடுகளில் நெற்றிச் சுவரில் கட்டிய ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால், வாசலில் இருப்பவரிடம் ‘இந்த வீடு எந்த வருசம் கட்டினதுங்க?’ என்று கேட்பதில் தவறில்லை. படம் எடுப்பதற்கு மட்டும் கட்டாயம் அனுமதி பெற வேண்டும்.

சிமெண்ட் ஜாலியை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. மாடிப்படிக் கூடம் ஒரு புகைபோக்கியைப் போல வேலை செய்யும் இடம். கீழ் அறைகளின் சூடான காற்று படிகளின் வழியாக மேலேறி ஜாலியின் வழியாக வெளியேறும்போது, கீழ்ச் சன்னல்களின் வழியாகப் புதிய காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எங்கள் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பு தூசி வருகிறது என்று அந்த ஜாலியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தோம். அந்தக் கோடையிலேயே மாடி அறையில் படுக்க முடியாமல் போயிற்று. எதை இழந்தோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தனி வீடுகளைப் பார்த்து முடித்ததும் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு ஒன்றைப் பார்ப்பது நல்லது. 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் குடியிருப்பு அதற்கு ஏற்றது. முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும்.

நான்காம் படி: வெளியே நடந்ததைத் தெரிந்துகொள்வது

உலக வரலாற்றை இந்தக் கட்டத்தில்தான் படிக்கத் தொடங்க வேண்டும். கண்ணால் பார்த்த சன்ஷேடுக்கும் ஜாலிக்கும் ஊரும் பெயரும் கிடைப்பதால் அது மனத்தில் தங்கும்.

1920களில் ஐரோப்பாவில், தூண்கள் பாரத்தைத் தாங்கும்போது சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை என்ற எளிய உண்மையிலிருந்து லெ கார்புசியே போன்ற கட்டடக்கலைஞர்கள் ஒரு புதிய கட்டடக்கலையை உருவாக்கினார்கள். சுமை இறங்கிய சுவர் கண்ணாடியாயிற்று, கூரை தட்டையாயிற்று. குளிர்நாட்டின் மெல்லிய வெயிலை வீட்டுக்குள் வரவேற்கப் பிறந்த வடிவம் அது. வெப்ப நாடுகளுக்கு வந்தபோது அதே கண்ணாடி அடுப்பாயிற்று. அதற்கு முதலில் பெரிய அளவில் விடை கண்ட நாடுகளில் பிரேசில் முக்கியமானது. லூசியோ கோஸ்டா, ஆஸ்கர் நீமெயர் முதலியோர் லெ கார்புசியேவின் ஆலோசனையோடு 1936 முதல் ரியோ டி ஜெனிரோவில் வடிவமைத்த கல்வி அமைச்சகக் கட்டடத்தில், வடக்கு முகப்பு முழுவதும் திருப்பக்கூடிய கிடைமட்ட வெயில் தடுப்புகளைப் பொருத்தினார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ரியோவில் சூரியன் பெரும்பாலும் வடக்கே நிற்கிறது என்பதை, மாடியில் குச்சி நட்டுப் பார்த்தவர் உடனே பிடித்துக்கொள்வார்.

அதே காலத்தில் நமக்கு மிக அருகிலேயே அதைவிட நுட்பமான ஒரு கட்டடம் எழுந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குவிடுதியான கோல்கொண்டே, செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு. ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாம்மரும் களத்தில் இருந்து கட்டினார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை நீண்டது. அதன் நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கும் மேற்கும் ஒடுங்கிய சுவர்கள். சன்னல் கண்ணாடியே இல்லை. முகப்பு முழுவதும் கையால் திருப்பும் கிடைமட்டப் பலகைகளால் ஆனது. அறைக்கும் நடைபாதைக்கும் இடையில், காற்று புகும்படி இடைவெளி விட்ட தேக்குச் சறுக்குக் கதவுகள் உள்ளன. காங்கிரீட் கூரையின் மேல், இடையில் காற்று நிற்கும்படி இன்னொரு மெல்லிய காங்கிரீட் ஓட்டுக் கூரை இருக்கிறது. மின்விசிறியைக்கூட நம்பாமல், திசையாலும் இடைவெளியாலும் மட்டுமே குளிர்ந்திருக்க முயன்ற கட்டடம் இது. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்றால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அது மக்கள் வாழும் விடுதி என்பதால், ஆசிரமத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. தொடங்குகிறவர் ஒரே ஒரு கட்டடத்துக்காக ஊரைவிட்டுப் போக முடியும் என்றால், அது கோல்கொண்டேயாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

சேலத்துக்கு மறுபக்கம் உள்ள பெங்களூரிலும் ஒரு தொடர் இருக்கிறது. பெர்லினில் பிறந்து, நாஜிகளால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்தில் கட்டடங்களை வடிவமைத்தார். புவனேஸ்வரத்தின் நகரத் திட்டமும் அவருடையது. பின்னர் லண்டனில், 1954இல் ஒரு கட்டடக்கலைப் பள்ளி தொடங்கிய வெப்பமண்டலத் துறையை, பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் மேக்ஸ்வெல் ஃப்ரையை அடுத்து அவர் நடத்தினார். மாதவாரியான வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றை எழுதிச் சன்னலின் அளவையும் சுவரின் கனத்தையும் முடிவு செய்ய உதவும் மஹோனி அட்டவணைகள் அவர் பங்கேற்ற பணியிலிருந்தே வந்தவை. இந்த ‘வெப்பமண்டலக் கட்டடக்கலை’ என்ற அறிவு பெரிதும் பிரிட்டிஷ் பேரரசின் காலனிகளில் செய்த வேலைகளிலிருந்து திரண்டு லண்டனில் பாடமாக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் கட்டியவர்களுக்கு அந்தப் பாடத்தில் உரிய பெயர் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு நேரு, பழமையின் தளைகள் இல்லாத நகரமாகச் சண்டிகரை எண்ணினார். லெ கார்புசியே, பியர் ஜான்னெரே, ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோர் 1951 முதல் அங்கே பணியாற்றினார்கள். சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் ஆகியவை அடங்கிய அதன் கேபிடல் வளாகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சண்டிகர் கடகரேகைக்கு வடக்கே, கடுங்குளிரும் உள்ள ஊர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஆழமான காங்கிரீட் தடுப்புகள் வெயிலை மறைத்தாலும், அந்தக் கனத்த காங்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையில் உமிழும். அந்த முகப்பின் சாயலைச் சேலத்தின் கடைத்தெருவில் கண்டால் வியக்கலாம். அது இங்கே பொருந்துகிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்த தலைமுறை இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் வடிவமைத்த குழாய் வீட்டில், சாய்ந்த கூரையை ஒட்டிச் சூடான காற்று மேலேறி உச்சியில் வெளியேறும். நம் மாடிப்படி ஜாலி செய்யும் அதே வேலை. லாரி பேக்கர் கேரளத்தில், செங்கற்களை விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் ராட் ட்ராப் பாண்ட் சுவரைப் பரவலாக்கினார். ஏறத்தாழ கால்பங்குச் செங்கல் மிச்சமாவதோடு, சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இலங்கையில் மினெட் டி சில்வா கண்டியின் மலைச்சரிவில் நவீன வீட்டையும் உள்ளூர்க் கைவினையையும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இணைத்துக் காட்டினார். பரவலாகப் புகழ்பெற்ற ஜெஃப்ரி பாவாவைவிட அவர் முந்தியவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாவா 1960களில் தட்டைக் கூரையை விட்டு, அகன்று இறங்கும் ஓட்டுக் கூரைக்குத் திரும்பினார். பெருமழையும், அந்நாளில் இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடும் அதற்குக் காரணங்களாயின.

ஐந்தாம் படி: ஏற்காட்டுக்கு ஏறுவது

பாவாவின் அந்த முடிவைப் புரிந்துகொள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். மலைமேல் வெப்பம் ஊரைவிட ஏழெட்டுப் பாகை குறைவு. அங்கே எதிரி வெயிலைவிட ஈரம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த எஸ்டேட் பங்களாக்களின் வழிவந்த வீடுகளில் செங்குத்தான ஓட்டுக் கூரையும் கருங்கல் அடிச்சுவரும் முன்தாழ்வாரமும் இருக்கும். மழைக்காலத்தில் போவது சிரமம்தான் என்றாலும் அப்போது போவதே பயன் தரும். தட்டைத் தளமுள்ள வீட்டின் மேல்சுவரில் ஓதம் எங்கே தொடங்குகிறது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பாசி எப்படிப் படிகிறது என்று பார்க்க வேண்டும். காங்கிரீட் தளத்தின் மேல் பிற்காலத்தில் தகரக் கூரை போட்ட வீடுகளை எண்ணிப் பார்த்தால், சமவெளியின் விடை மலையில் எத்தனை முறை தோற்றது என்று தெரியும்.

ஓட்டைப் பார்த்ததும் ‘மரபு’ என்று எழுதிவிட வேண்டாம். மங்களூர் ஓடு, பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய தொழிற்சாலைப் பொருள். அச்சில் அழுத்தி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்த அந்த ஓடு, தன் காலத்தில் காங்கிரீட்டைப் போலவே புதுமையானது. நவீனம் எது, மரபு எது என்ற கோட்டை அவசரமாகக் கிழிக்க முடியாது என்பதை ஏற்காட்டின் கூரைகளில் நான் கற்றேன்.

ஆறாம் படி: பதிவு செய்வது

டெல்லியில் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் உருவாக்கி 1972இல் திறக்கப்பட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’, எதிர்ப்புகளை மீறி 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. அத்தனை புகழுள்ள கட்டடத்துக்கே அதுதான் நேர்ந்தது என்றால், சேலத்தின் உள்தெரு வீட்டுக்காக யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆகவே இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டாரின் சம்மதத்தோடு ஒரு பகல் முழுவதையும் அங்கே செலவிட வேண்டும். டேப்பைப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். அறைகளின் நீள அகலம், தளத்தின் உயரம், சுவரின் கனம், சன்ஷேட் எத்தனை அங்குலம் நீண்டிருக்கிறது என்பவற்றை முதலில் அளந்து, வடக்கைக் குறித்து, கட்டத்தாளில் தரைவரைவை வரைந்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு ஜாலிக் கல்லின் அளவையும் துளையின் வடிவத்தையும் தனியாக வரைய வேண்டும். அச்சு போனால் அந்த வடிவமும் போய்விடும். முடிந்தால் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரே அறையின் வெப்பத்தை வெப்பமானியால் குறித்துக்கொள்ளலாம். வீட்டின் பழைய ஒப்புதல் வரைபடம் பீரோவில் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் பத்திரங்களோடு மடித்து வைத்திருப்பார்கள். மடிப்புகளில் கிழிந்துவிடாமல் விரித்துப் படம் எடுத்துக்கொண்டு, இருந்தபடியே மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரைந்து முடித்த தரைவரைவின் ஒரு படியை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.